செந்துறைக்கும் ஆக்லாந்துக்கும் எவ்வளவு நேரம்

எங்கள் பக்கத்தில் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள், “முக்கா மணி நேரம், முன்னால சிமெண்ட் லாரி மாட்டாம இருந்தா” என்பார்கள். நான் பெரம்பலூரில் சின்ன வெங்காயக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறவன். சாயங்காலம் லோடு ஏற்றினால் விடிவதற்குள் சென்னை மார்க்கெட்டில் இறங்கிவிடும். அதனால் சென்னை எனக்கு ஒரு ராத்திரி தூரம். இந்த அறிவை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நான் நியூசிலாந்துக்குப் புறப்பட்டேன்.

காரணம் என் அக்கா மகள் இலக்கியா. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள். அவளுக்கு ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் அன்பழகன், ஆக்லாந்தில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. ஜாதகம் பொருந்தியது. இரண்டு பேரும் மாதக்கணக்கில் போனில் பேசி, பிடித்தும் போய்விட்டது. அக்கா மலர்க்கொடி மட்டும் பிடி கொடுக்கவில்லை. செந்துறைக்குப் பக்கத்தில் கொஞ்சம் முந்திரி, கொஞ்சம் கடலை, இரண்டு மாடு என்று தனியாகக் காலம் தள்ளுகிறவள். கணவர் தவறிப்போய் வெகுநாளாகிறது. இலக்கியா ஒரே பெண்.

“வூடு பாக்காம எப்படிடா பொண்ண குடுக்கறது?” என்றாள். பையன் போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக வீட்டைச் சுற்றிக் காட்டினான். அக்கா பார்த்துவிட்டு, போனில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான் என்று சொல்லிவிட்டாள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். தாய்மாமன் என்ற முறையிலும், வியாபாரிகளோடு ஒருமுறை சிங்கப்பூர் போன பாஸ்போர்ட் பெட்டியில் கிடந்த குற்றத்துக்காகவும் என்னைக் கை காட்டினார்கள்.

அக்கா எனக்கு இரண்டு உத்தரவு போட்டாள். முதலாவது, கை நனைக்கக் கூடாது. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம். சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறம் மாற்றிப் பேசினால் அசிங்கம். இரண்டாவது உத்தரவு இது: “அது எவ்வளவு தூரம்னு நீயே போயி உக்காந்து பாத்துட்டு வந்து சொல்லு.”

இரண்டாவதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் குடும்பத்தில் பெண் கொடுக்க ஒரே ஒரு அளவுதான். காலையில் சாவுச் செய்தி சொன்னால், பொழுது சாய்ந்து எடுப்பதற்குள் அந்தப் பெண் வந்து பெற்றவர் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். பம்பாயில் ரயில்வே வேலை பார்த்த ஒரு மாப்பிள்ளையைத் தட்டிக் கழித்துவிட்டு அப்பா அக்காவைச் செந்துறைப் பக்கம் கொடுத்தது அதனால்தான். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய் பஸ் மாறினால் ஒன்றரை மணி நேரம். அப்பா இறந்த அன்று அக்கா மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தாள். அப்பாவின் கணக்கு சரியாக இருந்தது என்று ஊரே பேசியது.

விமானத்தில் என் முன்னால் இருந்த சின்னத் திரையில் ஒரு படம் ஓடியது. நீலக் கடலின் மேல் ஒரு பொம்மை விமானம். இன்னும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று எண்கள் குறைந்துகொண்டே வந்தன. எல்லோரும் சினிமா பார்த்தார்கள், நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன், விழித்தேன். மறுபடியும் சாப்பாடு கொடுத்தார்கள். விமானம் அப்போதும் கடல் மேல்தான் இருந்தது. மொத்தம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஏற்றிய வெங்காயம் புழுங்கிப்போகிற தூரம் என்று மட்டும் புரிந்தது.

பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைக்கார அம்மா, தங்கையைப் பார்த்துவிட்டு ஆக்லாந்துக்குத் திரும்புகிறவர். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உங்கள் ஊர் ரொம்பத் தூரம் என்றேன். அவர் கொஞ்சமும் கோபிக்காமல், “எங்களுக்கு எல்லா ஊரும் தூரம்தான். அதனால் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம்” என்றார்.

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் திட்டம் ஒன்று பாழானது. பையன் வீட்டில் சாப்பிட முடியாதே, அவலும் பருப்புப் பொடியும் சின்ன வெங்காயமும் இருந்தால் ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம் என்று கட்டிக்கொண்டு போயிருந்தேன். சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா என்றார்கள், இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். அதனால் அபராதம் தப்பியது, வெங்காயம் தப்பவில்லை. கையுறை போட்ட ஒரு பெண் அதிகாரி ஒரு வெங்காயத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முளைக்கக்கூடிய எதுவும் உள்ளே வரக்கூடாது என்றார். வெங்காயத்தைக் காற்றாட அடுக்கிவைக்கிற என் சொந்தப் பட்டறையில் காய்ந்தது. அவர் அதைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அன்பழகன் வெளியே நின்றிருந்தான். போனில் பார்த்ததைவிடக் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் ஒல்லி. என்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. சம்பந்தம் முடிந்தால் பெண்ணின் தாயாருக்குத் தம்பியான நான் அவனுக்குச் சித்தப்பா முறை. முடியாவிட்டால் யாரோ. “வாங்க சார்” என்று பெட்டியை வாங்கிக்கொண்டான். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருந்தது.

கை நனைக்கும் விவகாரம் அவனுக்கும் தெரிந்திருந்தது. அவனுடைய அம்மா ஜெயங்கொண்டத்திலிருந்து எல்லாம் சொல்லிக் கொடுத்திருந்தார். அவன் குடியிருந்தது ஒரு வீட்டின் பின்கட்டு. முன்கட்டில் வீட்டுக்காரம்மா. எனக்கு அவரிடம் ஒரு அறை பேசி, காலை, இரவுச் சாப்பாட்டுக்கும் ஏற்பாடு செய்திருந்தான்.

வீட்டுக்காரம்மாவின் பெயர் பார்வதி, ஃபிஜித் தீவிலிருந்து குடியேறியவர். பார்ப்பதற்கு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பூ வாங்குகிற யாரோ ஒரு அத்தை மாதிரி இருந்தார். வாயைத் திறந்தால் ஆங்கிலம், அல்லது ஏதோ ஒரு வகை இந்தி. முதல் நாள் இரவு ரொட்டியும், சேம்பு இலையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்த ஒரு கூட்டும் போட்டார். நன்றாகத்தான் இருந்தது, காரம்தான் இல்லை. அதிகாரி விட்டுவைத்த பருப்புப் பொடியை எடுத்து மேலே தூவிக்கொண்டேன். அவரும் கேட்டு வாங்கித் தூவிக்கொண்டார்.

மறுநாள் வீடு பார்த்தேன். அந்த வேலையை நான் அரைகுறையாகச் செய்யவில்லை. குழாயைத் திறந்து பார்த்தேன். அரிசி டப்பாவைத் திறந்தேன். கை கழுவுகிற சாக்கில் தொட்டிக்கு அடியில் பாட்டில் கீட்டில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். சோப்புத் தூளும் ஒரு ஸ்பேனரும் இருந்தன. அன்பழகன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காபி கொடுத்தான், குடித்தேன். தட்டில் பிஸ்கட் வைத்தான். பிஸ்கட் எந்தக் கணக்கில் சேரும் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லி வைக்கவில்லை. கடைசியில் தொடாமல் விட்டேன். வீட்டிலும் பையனிடமும் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் பார்வதியம்மாவோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி ஃபிஜிக்கு வந்தவராம். வந்து சேரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனதாம். திரும்பிப் போகவில்லை, எந்த ஊர் என்றும் வீட்டில் யாருக்கும் தெரியாது. சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தார் என்பது மட்டும் தெரியும். சொல்லிவிட்டுக் கேட்டார்: “அவருக்கு அங்கே ஒரு அம்மா இருந்திருப்பாளே. அவள் எத்தனை நாள் காத்திருந்திருப்பாள்?”

 அந்தக் கேள்வியிலேயே என் முடிவு கிடைத்துவிட்டது. பையன் தங்கம், வீடு சுத்தம், தூரம் மட்டும் ஆகாது. அக்காவுக்கு ஒன்று என்றால் இலக்கியா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நாளைக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். பிள்ளைகள் அழும், அழட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பது சுலபமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் அன்பழகன் வேலைக்குப் போய்விட்டான். போன் பேசுவதற்கு முன் தைரியம் வர, கடலையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று நான் தனியாகப் பஸ் ஏறினேன். கடற்கரை எந்த நிறுத்தம் என்று பார்வதியம்மா பெயர் எழுதிக் கொடுத்திருந்தார். ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் ஊர் பெயரைச் சொல்லுவார் என்று காத்திருந்தேன். அங்கே கண்டக்டரே கிடையாது. இறங்குகிறவர்தான் பட்டனை அழுத்த வேண்டும். அது தெரியாமல் நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்க, கடல் ஒரு பக்கமாக வந்து, என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. பஸ் கடைசியாக நின்ற இடத்தில் கிடங்குகள்தான் இருந்தன. டிரைவர் திரும்பிப் பார்த்து, இதற்கு மேல் ரோடு இல்லை என்றார். நல்லவர், சிரிக்காமல் சொன்னார்.

மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை, சாவகாசமாக எலும்பு வரைக்கும் போகிற மழை. காலையில் தின்ற இரண்டு ரொட்டி எப்போதோ கரைந்துவிட்டது. அன்பழகனுக்குப் போன் செய்து, கண்ணில் பட்ட பலகையைப் படித்துச் சொன்னேன். அவன் அரை மணி நேரத்தில் கம்பெனி வேனோடு வந்து சேர்ந்தான்.

வேனில் ஏறியதும் சூடு போட்டான், துண்டு கொடுத்தான். பிறகு தன்னுடைய மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தான். சாப்பிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டயரில் காற்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, அந்த மழையில் இறங்கிப் போய்விட்டான். நான்கு டயருக்கு அவ்வளவு நேரம் யாரும் காற்று பார்க்க மாட்டார்கள்.

டப்பாவில் சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். வேன் வீடு ஆகாது என்று மனதுக்குள் ஒரு வழக்கு நடத்தினேன். வேன் கம்பெனியுடையது, பையனுடையதுகூட இல்லை என்று இன்னொரு சாட்சியையும் கூப்பிட்டேன். வழக்கு முடிவதற்குள் பாதி டப்பா காலியாகியிருந்தது. கத்திரிக்காயை அவன் எண்ணெயில் வதக்கிவிட்டுத்தான் குழம்பில் போட்டிருந்தான், எங்கள் அம்மா செய்வது போல. கடைசிப் பருக்கை வரை கையால் வழித்துச் சாப்பிட்டேன்.

அவனுக்கு இன்னும் இரண்டு இடங்களில் வேலை பாக்கி இருந்தது. முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று நானும் வேனிலேயே கூடப் போனேன். இரண்டாவது கட்டடத்திலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தான். கதவைத் திறந்தவன் உள்ளே ஏறாமல் நின்றான்.

அவனுடைய அம்மா மூன்று நாளாக, பெண் வீட்டுக்காரர் பட்டினி கிடக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவருடைய கவலை தீரட்டும் என்று இவன் மத்தியானம், சார் என் சாப்பாட்டைச் சாப்பிட்டார் என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறான். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கிறது. வேனில் சாப்பிட்டார் என்று அவன் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் ஜெயங்கொண்டத்தில் யாரும் அதற்குத் தனிக் கணக்கு வைத்திருக்க மாட்டார்கள். அம்மாவும் அப்பாவும் தேங்காய், பழம், பூ எல்லாம் வாங்கி நிச்சயத் தட்டோடு செந்துறைக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். இந்நேரம் அக்கா வீட்டு வாசலில் இருப்பார்கள்.

“நான் அப்படி நெனச்சு அனுப்பலைங்க சார்” என்றான். எனக்குத் தெரியும், அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அப்போதுதான் அந்தத் தூரம் என் மேல் வந்து உட்கார்ந்தது. பெரம்பலூரில் இருந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்திருப்பேன். தெருமுனையில் நின்று அவர்களுக்குக் காபி வாங்கிக் கொடுத்து, பக்குவமாகப் பேசியிருப்பேன். ஒரு டப்பா சோற்றின் சேதி நொடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் போய்ச் சேர ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். என் வாயால் என் அக்கா மாட்டிக்கொண்டாள்.

அவளே வீடியோவில் கூப்பிட்டாள். படத்தில் மாட்டுக் கொட்டகை தெரிந்தது. வந்தவர்களை உள்ளே உட்கார வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் வந்திருக்கிறாள்.

“பசி தாங்க மாட்டியே நீ” என்றாள். நான் வேன், கம்பெனி என்று ஆரம்பித்தேன். “அது கெடக்கட்டும். கேட்டதச் சொல்லு. எவ்வளவு தூரம்?”

பக்கத்தில் அன்பழகன் நின்றுகொண்டிருந்தான். இருந்தாலும் பொய் சொல்ல முடியவில்லை. “ஒரு நாளு ஆவுதுக்கா. டிக்கெட் ஒடனே கெடச்சாதான் அதுவும். உனக்கு ஒண்ணுன்னா, எடுக்கறதுக்குள்ள அவளால வந்து சேர முடியாது.”

 அக்காவுக்குப் பின்னால் ஒரு மாடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

“அப்பா செத்தன்னிக்கு நான் எப்ப வந்தேன்?”

“மத்தியானத்துக்குள்ள வந்துட்டியே.”

“வந்து? அவரு கண்ணத் தொறந்து பாத்தாரா?” என்றாள். “அதுக்கு முன்னாடி ஏழெட்டு மாசம் நான் அந்தப் பக்கமே வரலடா. பஸ்ஸுல ஒன்றர மணி நேரந்தான். கடல பறிக்கறாங்க, மாடு கன்னு போட்டிருக்கு, இப்படியே ஏதாவது ஒண்ணு. வரேன் வரேன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருந்தேன். நான் செத்தா எவ்வளவு நேரத்துல எம் பொண்ணு வருவான்னா உன்னப் பாத்துட்டு வரச் சொன்னேன்? அது நீயா நெனச்சுக்கிட்டது. நான் இருக்கறப்ப எத்தன வருசத்துக்கு ஒருக்கா வருவான்னு எனக்குத் தெரியணும். அந்தத் தம்பி இருந்தா குடு.”

போனைக் கொடுத்தேன்.  அக்கா அவனிடம் அதையே கேட்டாள். வருடா வருடம் கூட்டி வருகிறேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள், நானும்தான்.

அவன் யோசித்துவிட்டுச் சொன்னான். “வருசா வருசம் முடியாதுங்க. லீவும் கெடைக்காது, கையும் பத்தாது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, ஒரு மாசம். அத மட்டும் கட்டாயம் செய்வேங்க.”

அக்காவின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. அவளுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அப்பா எத்தனை வயது வரை இருந்தார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் எதை எண்ணுகிறாள் என்று புரிந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அவ வர்றது ரெண்டு கை வெரலுக்குள்ள அடங்கிடும்” என்றாள். பிறகு, “பொய் சொல்லல தம்பி நீங்க. வருசா வருசம்னு சொல்லியிருந்தா தட்டத் திருப்பி அனுப்பியிருப்பேன்.”

 முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அவங்க உக்காந்திருக்காங்க. நான் போயி வாங்கிக்கறேன்” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அன்பழகன் வேனைச் சுற்றிக்கொண்டு வந்து ஏறினான்.  அப்புறம், “பெல்ட்டப் போட்டுக்கங்க சித்தப்பா” என்றான்.

மீதி நாட்கள் ஊர் சுற்றிப் பார்த்ததில் போயின. கடலையும் இறங்கிப் பார்த்தேன். பட்டனை நானே அழுத்தினேன். பார்வதியம்மாவுக்கு மீதிப் பொடி முழுவதையும் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும்போது திரையில் அந்தப் பொம்மை விமானம் மறுபடியும் கடல் மேல் ஊர்ந்தது. இந்த முறை அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அணைத்துவிட்டேன்.

திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நிற்கிறாள். அவள் அதற்குமுன் விமான நிலையப் பக்கம் வந்தவளே இல்லை. செந்துறையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். நேராக உன் வீட்டுக்குத்தானே வரப்போகிறேன், வேகாத வெயிலில் எதற்கு அலைந்து வந்தாய் என்று கடிந்துகொண்டேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் திறந்து திறந்து மூடுகிற கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன்னக் கூப்புட வரலடா” என்றாள். “இனிமே நான் இங்கதான வந்து நிக்கணும். எந்த எடத்துல நின்னா மொதல்ல மொகம் தெரியும்னு பாத்து வச்சுக்கலாம்னு வந்தேன்.”